மே மாதத் தண்ணீரும் நவம்பர் தண்ணீரும்: தருமபுரிப் பக்கத்துக் கிணறும் போரும்

கேள்வி இதுதான். பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டம். அதில் ஒரு திறந்த கிணறு, கொஞ்சம் தள்ளி 700 அடி ஆழ்துளைக் கிணறு, அதாவது போர். மே கடைசியில் இரண்டு தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 32 மில்லிகிராம், போரில் புளோரைடு 1.8. நல்ல மழை பெய்து கிணறு நிரம்பிய பிறகு, நவம்பரில் மறுபடி கொடுத்தால் கிணற்றில் நைட்ரேட் 71 ஆகிவிட்டது. போரில் புளோரைடு 1.7, கிட்டத்தட்ட அசையவே இல்லை. "மழை பெய்தால் தண்ணீர் சுத்தமாகும் என்றுதானே நினைத்தோம்? லேப் தப்பா? எந்த ரிப்போர்ட்டை நம்புவது? பேசாமல் இன்னும் ஆழமாக ஒரு போர் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

லேப் தப்பாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு ரிப்போர்ட்டும் சரியாகவே இருக்கலாம். சந்தேகம் தீர ஒன்றை மட்டும் பாருங்கள். சில லேப்கள் நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே எழுதும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எழுதும். முதல் கணக்கில் 45 என்பது இரண்டாவதில் ஏறக்குறைய 10. உங்கள் இரண்டு எண்களுக்கும் இடையே இரண்டு மடங்கு சொச்சம்தான் வித்தியாசம், அந்தக் குழப்பம் என்றால் நாலரை மடங்கு வந்திருக்கும். ஆக, தண்ணீர்தான் மாறியிருக்கிறது.

ஏன் மாறியது என்று புரிய நம் ஊர் மழையிலிருந்து தொடங்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. நமக்கு அப்படியில்லை. ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு வரும் கோடை மழை, ஆடி ஆவணியில் தென்மேற்கு, புரட்டாசி ஐப்பசியில் கனமாக, அப்புறம் வடகிழக்கின் வால். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர். வெயில் உறிஞ்சக்கூடிய அளவு இதைவிட மிக அதிகம். அதனால் பெய்ததில் பெரும்பகுதி ஆவியாகவும் செடி கொடி வழியாகவும் மேலேயே திரும்பிவிடுகிறது. நைஸ், கிரானைட் போன்ற கடினப்பாறைப் பகுதிகளில் மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குப் போகும் என்பது பொதுவான கணக்கு. சார்னோகைட் பாறை என்றால் அதிலும் பாதிதான்.

இந்தக் கணக்கிலேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மழைநீரில் மிகச் சிறிதளவு உப்பு உண்டு, காற்றின் தூசியிலும் உண்டு. பத்து பங்கு தண்ணீரில் ஒன்பது ஆவியாகி ஒன்று மட்டும் கீழே இறங்கினால், பத்து பங்கிலும் இருந்த உப்பு அந்த ஒன்றோடு சேர்ந்துவிடும். யாரும் எந்த அழுக்கையும் கொட்டாமலே தண்ணீர் பத்து மடங்கு உப்பாகிறது. வறண்ட ஊர்த் தண்ணீர் கரிப்பதற்கு இது ஒன்றே பாதிக் காரணம். ஆனால் அந்த உப்பு உடனே கிணற்றுக்கு வந்துவிடுவதில்லை. மழை குறைந்த மாதங்களில் மேல் மண்ணிலும், அதற்குக் கீழே சிதைந்த பாறையிலும் தங்கி நிற்கிறது. நைட்ரேட்டும் அங்கேதான் சேருகிறது. தக்காளிக்குப் போட்ட யூரியா, டிஏபி உரங்களும், எருக்குழியும், மாட்டுத் தொழுவமும், கக்கூஸ் குழியும் கொடுக்கும் நைட்ரஜனை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்ளாது. தண்ணீர் இறங்கினால் கூடவே இறங்கிவிடும். காய்ந்து கிடந்த மண் முதல் ஈரம் பட்டதும் பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாகி இன்னும் கொஞ்சம் நைட்ரேட்டைச் சேர்ப்பதும் உண்டு.

இப்போது மழை வருகிறது. முதலில் கீழே போவது, காபி வடிகட்டியில் முதலில் இறங்கும் டிகாஷன் மாதிரி, கெட்டியான தண்ணீர். மாதக்கணக்கில் சேர்ந்ததை எல்லாம் கழுவிக்கொண்டு போகிறது. பின்னால் வரும் மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கச் செய்கிறது. நீங்கள் நவம்பரில் எடுத்தது பெரும்பாலும் இந்த முதல் டிகாஷன். அதே கிணற்றில் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ எடுத்துப் பாருங்கள், நைட்ரேட் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இறங்கவே இல்லை என்றால் விஷயம் வேறு. பக்கத்தில் எங்கோ ஒரு குழியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதனால்தான் "மழைக்கு முன், மழைக்குப் பின்" என்று இரண்டே மாதிரி எடுத்து முடிவு சொல்வது எனக்கு உவப்பில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நான்கு முறை அளக்கிறது. வேதியியல் சோதனை அத்தனை முறை நடப்பதில்லை. ஒரு மாவட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள அது போதும். ஒரு வீட்டுக்காரர் தன் குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யப் போதாது.

சரி, போருக்கு வருவோம். உண்மையில் கடினமான பகுதி இதுதான்.

புளோரைடு மேலிருந்து கழுவி வருவதைவிடப் பாறையிலிருந்து வருவதே அதிகம். நம் பாறைகளில் பயோடைட் என்ற கறுப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற கனிமங்கள் உண்டு. இவற்றின் அமைப்பில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துகள்) உட்கார வேண்டிய இடங்களில் புளோரைடும் உட்கார்ந்திருக்கும். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால், அங்குள்ள கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்குகூட இருக்கும். அதைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் லேசான அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலம் பாறையைத் தின்கிறது. கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், கூடவே கொஞ்சம் புளோரைடு, எல்லாம் தண்ணீருக்கு வந்து சேருகின்றன.

அந்தப் புளோரைடு எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது கால்சியம். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் புளோரைடாகப் படியும். எனவே கால்சியம் நிறைய உள்ள தண்ணீரில் புளோரைடு ஒரு வரம்புக்கு மேல் போக முடியாது. தோராயமாகச் சொன்னால், லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் புளோரைடின் உச்சவரம்பு 2.5ஐ ஒட்டி நிற்கும். கால்சியம் 20க்கு இறங்கினால் அந்த வரம்பு 5 வரை போகும். அதாவது கால்சியம் நாலில் ஒரு பங்கானால் புளோரைடுக்கு இடம் இரட்டிப்பாகிறது.

நம் ஊரில் கால்சியம் எங்கே போகிறது? தோட்டத்தில் பள்ளம் வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் வரும், பார்த்திருப்பீர்கள். அதுதான். வறட்சியில் தண்ணீர் ஆவியாகும்போதும், கரைந்த வாயு வெளியேறும்போதும் கால்சியம் கார்பனேட் படிந்துவிடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. களிமண் துகள்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். இரண்டும் சேர்ந்து, நாள்பட்ட தண்ணீர் சோடியம் பைகார்பனேட் வகையாக மாறிவிடுகிறது. அதில் கால்சியம் குறைவு, காரத்தன்மை அதிகம். புளோரைடுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. காரம் ஏறினால் கனிமத்திலிருந்து புளோரைடு இன்னும் எளிதாகப் பிரிந்து வரும்.

இதில் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தச் சோடியம் பைகார்பனேட் தண்ணீர் குடிக்க மென்மையாக இருக்கும். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு அவ்வளவாகப் பிடிக்காது. "நல்ல தண்ணி" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரும் குடம் கொண்டுவந்து பிடித்துப் போவார். கரிக்கிற கிணற்றுத் தண்ணீரை ஒதுக்குவார்கள். புளோரைடு கணக்கில் பல இடங்களில் நிலைமை நேர் தலைகீழ். நாக்குக்குப் புளோரைடு தெரியாது. கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டருக்கும் தெரியாது. அது மொத்த உப்பைத்தான் சொல்லும். 400 டிடிஎஸ் தண்ணீரில் புளோரைடு 2 இருக்கலாம், 1500 டிடிஎஸ் தண்ணீரில் 0.8 இருக்கலாம்.

உங்கள் போரில் மழைக்குப் பிறகும் எண் அசையாததற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. 700 அடி போரில் தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மேலே சிதைந்த பாறை முடியும் இடத்தில் ஒரு கசிவு இருக்கும், நடுவில் ஒன்றிரண்டு வெடிப்புகள், அடியில் ஒன்று. மேல் வெடிப்பில் இந்த ஆண்டு மழை வந்து கலக்கும். அடியில் இருப்பது பல ஆண்டுகளாகப் பாறையோடு உரசிக்கொண்டிருக்கும் தண்ணீர், அதற்குப் புரட்டாசியும் சித்திரையும் ஒன்றுதான். கோடையில் மேல் வெடிப்புகள் வற்றிவிடும், மோட்டார் அடித்தண்ணீரையே இழுக்கும், புளோரைடு ஏறும். மழைக்குப் பிறகு மேல் தண்ணீர் கலந்து கொஞ்சம் இறங்கும். உங்களுக்கு 0.1 மட்டும் இறங்கியிருக்கிறது. அது சோதனையின் பிழை எல்லைக்குள்ளேயே வரும் வித்தியாசம். ஆக, உங்கள் போர் பெரும்பாலும் அடித்தண்ணீரை நம்பி ஓடுகிறது.

இதற்கு எதிராகவும் நடக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். சில கிணறுகளில் மழைக்குப் பிறகு புளோரைடு ஏறும். வறட்சியில் சுக்கான்கல்லோடும் மண் உப்போடும் படிந்திருந்த புளோரைடை மழை கரைத்து இறக்குவதுதான் காரணம். ஒரே ஊரில் ஒரு கிணறு ஏறும், இன்னொன்று இறங்கும். ஆகவே "கோடையில் புளோரைடு அதிகம், மழையில் குறைவு" என்று ஒரே வரியில் சொல்பவரை நம்பாதீர்கள். மாவட்டச் சராசரி அப்படி வரலாம். உங்கள் கிணறு சராசரி கிடையாது.

அப்படியானால் ஒரு எண் ஏறும்போது அது ஏன் ஏறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரிப்போர்ட்டில் யாரும் கவனிக்காத குளோரைடைப் பாருங்கள். குளோரைடு எதனோடும் வினை புரியாது. எங்கும் படியாது, மண்ணிலும் ஒட்டாது. தண்ணீர் எவ்வளவு நீர்த்தது, எவ்வளவு சுண்டியது என்பதை அது ஒன்றுதான் நேர்மையாகச் சொல்லும். ஒரு கற்பனைக் கணக்கு: மே மாதம் குளோரைடு 180, ஜனவரியில் 90. தண்ணீர் சரிபாதியாக நீர்த்திருக்கிறது. அதே சமயம் புளோரைடு 1.8லிருந்து 0.9க்கு வந்திருந்தால், வெறும் நீர்த்துப்போதல்தான் நடந்திருக்கிறது. குளோரைடு பாதியாகியும் புளோரைடு 1.6இல் நின்றால், பாறை இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, மழை பெய்தாலும் தீராது. நைட்ரேட்டும் குளோரைடும் சேர்ந்து ஏறினால் மேலிருந்து உப்பு கழுவி வருகிறது, அல்லது சாக்கடைக் கசிவு. நைட்ரேட் மட்டும் ஏறிக் குளோரைடு பெரிதாக அசையவில்லை என்றால் உரத்தின் மேல் சந்தேகம் வரும். இது நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சி இல்லை. ஆனால் எருக்குழியை நகர்த்துவதா, யூரியாவைக் குறைப்பதா என்று முடிவெடுக்கப் போதும்.

எனவே அடுத்த முறை லேபில் கொடுக்கும்போது புளோரைடு, நைட்ரேட் என்று இரண்டை மட்டும் கேட்காமல் குளோரைடு, கால்சியம், காரத்தன்மை ஆகியவற்றையும் கேளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய தண்ணீர் போன பிறகு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்பு வரை பிடியுங்கள். நைட்ரேட் பார்க்கிற தண்ணீர் என்றால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் கொடுத்தால் பாட்டிலுக்குள்ளேயே வேதியியல் மாறிவிடும். நான் பரிந்துரைப்பது ஆண்டுக்கு மூன்று மாதிரி: மே கடைசி, முதல் கனமழைகள் முடிந்த அக்டோபர், அப்புறம் பிப்ரவரி. ஓராண்டு இப்படிப் பார்த்தாலே கிணற்றின் குணம் தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் சில சமயம் பருவ வித்தியாசத்தையும் விஞ்சும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டுக்குப் பின் வரும் மே மாத ரிப்போர்ட்டை வைத்து ஒரு கிணற்றையே ஒதுக்கிவிடக் கூடாது. நல்ல மழை ஆண்டின் ஜனவரி ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

எந்த எண்ணை நம்புவது என்று கேட்டீர்கள். குடிப்பதற்கு என்றால் ஒவ்வொன்றிலும் மோசமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் புளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை. நைட்ரேட்டுக்கு 45, அதில் தளர்வே கிடையாது. உங்கள் கிணறும் தாண்டுகிறது, போரும் தாண்டுகிறது. இரண்டின் ஆபத்தும் ஒரே மாதிரி இல்லை. நைட்ரேட் உடனடி ஆபத்து, முக்கியமாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கவே கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். காய்ச்சினால் தண்ணீர் சுண்டும், நைட்ரேட் அப்படியே இருக்கும், அளவு ஏறத்தான் செய்யும். புளோரைடு மெதுவாக வேலை செய்வது. எட்டு வயதுக்குள், பல் உருவாகும் காலத்தில் பல்லில் தங்கும், காவிக் கறை பிறகுதான் தெரியும். பல ஆண்டுகள் போனால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இந்தியாவில் இந்த எலும்பு நோய் முதன்முதலில் மருத்துவ உலகத்தில் பதிவானதே அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்தில், 1937இல். நமக்குப் பழைய சொந்தம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததற்குக் காரணமே இந்தப் புளோரைடுதான். 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. உங்கள் ஊருக்கு அந்தக் குழாய் வருகிறது என்றால் குடிக்க அதுதான் முதல் தேர்வு. ஆனால் நான் பல வீடுகளில் பார்ப்பது, குடிக்க மட்டும் காவிரித் தண்ணீர், சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் போர்த் தண்ணீர். இது பாதி வேலை. அரிசியும் பருப்பும் வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன, புளோரைடும் கூடவே உள்ளே போகிறது. குழாயில் வருவது குறைவு என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்க, மாட்டுக்கொட்டகை கழுவ எல்லாம் போர் போதும். புளி சாப்பிட்டால் சிறுநீரில் புளோரைடு அதிகம் வெளியேறுகிறது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் சிறிய ஆய்வு ஒன்று உண்டு. புளியமரத்துக்குப் பேர்போன ஊர் நம்முடையது, கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் புளிக்குழம்பையே புளோரைடுத் தண்ணீரில் வைத்துவிட்டு என்ன பலன்?

ஆர்ஓ மெஷின் நைட்ரேட், புளோரைடு இரண்டையும் குறைக்கும், உள்ளே வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் நல்ல நிலையில் இருக்கும் வரை. அதில் வரும் தண்ணீரையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதியுங்கள். யூவி விளக்கும் மெழுகுவத்தி மாதிரி இருக்கும் பீங்கான் பில்டரும் கிருமிக்கு, இவற்றுக்கு இல்லை. ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீரைக் கிணற்றோரம் விடாதீர்கள், எடுத்த உப்பு அங்கேயே திரும்பிப் போகும்.

கிணற்றைப் பொறுத்தவரை கைவசம் வேலை இருக்கிறது. சுற்றுச்சுவர் எழுப்பி, வயலின் மேல்தண்ணீர் நேராக உள்ளே பாயாமல் திருப்புங்கள். எருக்குழியும் கக்கூஸ் குழியும் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருந்தால் பள்ளத்துப் பக்கம், தள்ளி மாற்றுங்கள். யூரியாவை மழைக்கு முன்னால் மொத்தமாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள். மழைநீரைப் போருக்குள் விடுகிறேன் என்று வயல் ஓட்டத்தைக் குழாயில் திருப்பிவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கூரைத் தண்ணீரை வடிகட்டி விடலாம். வயல் தண்ணீர் என்றால் உரத்தையும் மருந்தையும் நேராக அடியில் கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள்.

கடைசிக் கேள்வி, இன்னும் ஆழமாகப் போர். தண்ணீர் அளவுக்காக என்றால் அது வேறு பேச்சு, ஜியாலஜிஸ்ட்டை வைத்துப் பார்க்க வேண்டியது. தரத்துக்காக என்றால் வேண்டாம். ஆழம் போகப் போகத் தண்ணீருக்கு வயது கூடும், கால்சியம் குறையும், சோடியமும் காரமும் ஏறும். 1.8 இருப்பது 3 ஆகலாம். நைட்ரேட் மட்டும் ஆழத்தில் குறைவாக இருக்கும், அதைப் பார்த்து நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் கூரை மழைநீரைப் பிடிக்க ஒரு தொட்டி கட்டினால், குடிக்கவும் சமைக்கவும் கோடையில் ஒரு மாதமாவது தாக்குப்பிடிக்கும். புளோரைடும் இல்லை, நைட்ரேட்டும் அநேகமாக இல்லை. முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட ஒரு வால்வு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.